கை தூக்கிப் பெய்த மழை

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுத வேண்டிய காலத்தில், எழுத வேண்டிய புத்தகத்தில், பேனா என் கையில் இருந்தபோதே எழுதாமல் விட்டவன் நான். இப்போது பென்ஷன் வாங்கிக்கொண்டு, சாய்வுக் கதிரையில் உட்கார்ந்து, அவர் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினால் அது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. என் முகத்துக்கு நானே போட்டுக்கொள்ளும் பவுடர்தான். ஆகவே 'அம்மா' என்றே சொல்கிறேன். அன்றும் அப்படித்தான் கூப்பிட்டேன். சபையின் குறிப்புப் புத்தகத்தில் மட்டும் அவர் 'பெண் உறுப்பினர்'. 'பெண் உறுப்பினரும் சமூகமளித்திருந்தார்.' பதினான்கு மாதம், ஒவ்வொரு கூட்டத்துக்கும், அவரைப் பற்றி நான் எழுதிய வசனம் இது ஒன்றுதான்.

சபையின் பெயரும் வேண்டாம். கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் வீதியில் ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. அதை மேற்பார்வை செய்ய அரசாங்கம் ஒரு சபையை நியமித்திருந்தது. மாதம் ஒரு கூட்டம், மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ஆஸ்பத்திரியைப் போய்ப் பார்வையிடல். ஐந்து ஆண்கள். தலைவர் ஒரு வெள்ளைக்காரத் துரை. மற்றவர்களில் இருவரை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்: யாழ்ப்பாணத்துப் புரொக்டர், அதாவது வக்கீல், ஒருவர், கண்டியில் துணிக்கடை வைத்திருந்த முதலாளி ஒருவர். மீதி இரண்டு பேரும் தலையாட்டுவதற்கென்றே பிறந்தவர்கள். நான் அந்தச் சபையின் கிளாக்கர், அதுவும் தற்காலிகக் கிளாக்கர். என் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் துரையின் மேசையில் ஒன்றரை வருடமாகக் கிடந்தது. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

பெண்களுக்கு வாக்குரிமை வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சபைகளிலும் ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று மேலிடத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. துரை அதை வாசித்துவிட்டு, வீட்டில் பூனை வளர்க்கச் சொன்னார்கள் என்பதுபோலச் சிரித்தார். "யாராவது அமைதியான பெண்மணி இருக்கிறாரா?" என்று கேட்டார். புரொக்டர் உடனே ஒருவரைச் சொன்னார். குண்டசாலையில் இருக்கிறார், டிஸ்பென்சர் ஒருவரின் விதவை, இங்கிலீஷ் தெரியும், நல்ல குடும்பம், அதிகம் கதைக்காத மனுஷி.

அதிகம் கதைக்காத மனுஷி என்பது உண்மைதான். ஏன் கதைப்பதில்லை என்று புரொக்டர் யோசித்துப் பார்த்திருக்க வேண்டும். அம்மா வாயை மூடிக்கொண்டிருந்தால் கண்ணால் வேலை செய்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம். ஐம்பது வயது இருக்கும். குள்ளமான உருவம், தடித்த கண்ணாடி, வெள்ளை வொயில் சேலை, வாயில் எப்போதும் ஒரு கராம்பு. இருபது வருடம் கணவரின் மருந்துக்கடையில் பின்பக்கம் நின்று மருந்து கலக்கிக் கொடுத்தவர். ஒரு போத்தலை எடுத்தால் அதன் மேல் ஒட்டியிருக்கும் பெயரை நம்ப மாட்டார். மூடியைத் திறந்து மணந்து பார்ப்பார். அந்தப் பழக்கம் கடையோடு போகவில்லை. அரிசி வாங்கப் போனால் சாக்கின் அடியில் கையை விட்டு அள்ளிப் பார்ப்பார். பஸ்ஸில் ஏறுவதற்கு முன் குனிந்து நாலு டயரையும் பார்ப்பார். கண்டக்டர்கள் அவரைக் கண்டதும், "டயர் சரிங்கம்மா, ஏறுங்க" என்று கேலி செய்வார்கள். "நீ சொன்னால் காணாது தம்பி, நான் பாக்கவேணும்" என்று சொல்லிவிட்டு, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வந்துதான் ஏறுவார்.

முதல் கூட்டத்தில் தேநீர்த் தட்டு வந்தது. பியோன் அதைக் கொண்டுபோய், யாரும் சொல்லாமலே, அம்மாவுக்கு முன்னால் வைத்தான். ஐந்து ஆண்களும் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். ஊற்றிக் கொடுப்பார் என்று அவர்களுக்கு அவ்வளவு நிச்சயம். அம்மா கேத்தலின் மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தார். "தம்பி, இதை உள்ளுக்கு வடிவாக் கழுவேல்லை" என்று பியோனிடம் சொல்லி, மூடியைத் திரும்ப வைத்தார். ஊற்றவில்லை. தேநீர் ஆறிப்போனது. கடைசியில் முதலாளி எழுந்து தனக்குத் தானே ஊற்றிக்கொண்டார், பழக்கமில்லாமல் மேசைவிரிப்பிலும் கொஞ்சம் ஊற்றினார். எனக்குச் சிரிப்பு வந்தது. புத்தகத்தில் குனிந்துகொண்டேன்.

குனிந்துகொள்வதில் நான் கெட்டிக்காரன்.

இப்போது அந்தப் பார்வையிடல் எப்படி நடக்கும் என்று சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்ட்டு, மருந்து கொடுக்கும் அறை, குசினி, எல்லாவற்றுக்குள்ளும் சபையார் போவார்கள். குசினியில் பருப்பை ருசி பார்ப்பார்கள். பிள்ளைப்பேற்று வார்ட்டுக்கு வந்தால் மட்டும் வாசலில் நின்றுவிடுவார்கள். வாசலில் ஒரு பச்சைத் திரை. புரொக்டர் இருமுவார். உள்ளேயிருந்து நேர்ஸ் திரையை ஒரு சாண் விலக்கி, "எல்லாம் சுகம் சேர்" என்பாள். உடனே நான் பார்வையாளர் புத்தகத்தை நீட்டுவேன். 'பார்வையிட்டோம். எல்லாம் ஒழுங்கு.' ஐந்து கையெழுத்து. பன்னிரண்டு வருடமாக அந்தப் புத்தகத்தில் அந்த வசனம் மாறவில்லை. எனக்கு முன் இருந்த கிளாக்கர் எழுதினார், பிறகு நான் எழுதினேன்.

அம்மா வந்த முதல் பார்வையிடலில் புரொக்டர் வழக்கம்போல இருமினார். நேர்ஸ் திரையை விலக்கினாள். அம்மா அந்த ஒரு சாண் இடைவெளிக்குள் தோளைக் கொடுத்து உள்ளே போய்விட்டார். ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. சபையாருக்குப் பசி வந்தது. துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா வெளியே வந்ததும் என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிப் பின்பக்கமாகப் புரட்டினார்.

"பன்னிரண்டு வருஷமாப் பாத்தம் எண்டு கையெழுத்துக் கிடக்கு," என்றார் புரொக்டரிடம். "என்னத்தைப் பாத்தனியள்?"

"பொம்பிளையள் படுத்திருக்கிற இடத்துக்குள்ள ஆம்பிளையள் நாங்கள் போகலாமே, அக்கா? மரியாதை எண்டு ஒண்டு இருக்கெல்லே."

"போகவேண்டாம். அது சரி. போகாமல் பாத்தம் எண்டு ஏன் எழுதினனியள்?"

புரொக்டர் திரும்பித் துரையிடம் ஆங்கிலத்தில், உள்ளே சுத்தமாக இருப்பதாக அம்மா சொல்வதாகச் சொன்னார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியும் என்று சபைக்குச் சொன்னவரே அவர்தான். அதை அவரே மறந்துபோயிருந்தார். அம்மா ஆங்கிலத்தில், "நான் அப்படிச் சொல்லவில்லை" என்றார். துரைக்குச் சாப்பாட்டு நேரம் தவறிவிட்டது. "அடுத்த கூட்டத்தில் பேசலாம்" என்றார். ஒவ்வொரு கூட்டத்துக்கான குறிப்பையும் நான் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவேன் என்பது அம்மாவுக்குத் தெரியாது. எங்கள் சபையில் அதுதான் வழக்கம். என்ன தீர்மானிக்க வேண்டும் என்று துரை முதல் நாளே சொல்லிவிடுவார். நான் 'ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதி முடித்துவிடுவேன். மறுநாள் சபையார் கூடி, தேநீர் குடித்து, அதைச் சரியென்பார்கள்.

அந்த வார்ட்டில் பன்னிரண்டு கட்டில்கள். எந்த நாள் போனாலும் இரண்டு மூன்றில்தான் ஆள் இருக்கும். வருகிற பெண்களும் பிள்ளை பிறந்த மறுநாளே, சொல்லாமல் கொள்ளாமல், வீட்டுக்குப் போய்விடுவார்கள். இதைக் காட்டித் துரை ஒரு யோசனை வைத்திருந்தார். இந்த நாட்டுப் பெண்களுக்கு ஆஸ்பத்திரியில் பிரசவிக்க விருப்பமில்லை. வெறுமையாகக் கிடக்கும் வார்ட்டை மூடிவிட்டு, அதைக் கனவான்கள் வந்து தங்கிச் சுகமாகும் அறைகளாக மாற்றலாம். ஐந்து பேருக்கும் அது மிகவும் நியாயமாகப் பட்டது. பன்னிரண்டு வருடம் திரைக்கு வெளியே நின்றவர்கள், உள்ளே படுத்திருந்தவளுக்கு என்ன விருப்பம், என்ன விருப்பமில்லை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். இதை எழுதும்போது இன்றைக்கும் என் காது சூடாகிறது.

அம்மா மூன்று மாதத் தவணை கேட்டார். "கட்டில் ஏன் காலியாக் கிடக்கு எண்டு நான் போய்ப் பாத்திட்டு வாறன்," என்றார். பெண்ணின் முதல் வேண்டுகோள் என்று துரை பெரிய மனது பண்ணிக் கொடுத்தார்.

ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். "நான் கேக்கிறன், நீர் எழுதும் தம்பி. நான் எழுதினால் பொம்பிளை எழுதினது எண்டு சொல்லுவினம்." அலவத்துகொடையில் பஸ்ஸை விட்டு இறங்கி, வீடு வீடாக ஏறி இறங்கினோம். நான் ஆண் என்பதால் வாசலோடு நிற்பேன். பதில் திரைக்குப் பின்னாலிருந்து வரும். ஒரு வீடு நன்றாக நினைவிருக்கிறது. முஸ்லிம் வீடு. ஒரு தாய், அவருடைய மகள். மகள் முதல் பிள்ளையை அந்த ஆஸ்பத்திரியில் பெற்றவள். இப்போது மறுபடி நாலு மாதம்.

"ரெண்டாம் நாளே ஓடி வந்திட்டா உம்மா என்ட மக," என்றார் அந்தத் தாய். "அங்க எப்புடி இரிக்கிற? பெத்த தீட்டுத் துணிய ஆஸ்பத்திரி வண்ணான் எடுக்க மாட்டானாம். பெத்தவள்தான் தூக்கிக்கிட்டு முத்தத்தத் தாண்டி, தண்ணி விழுற பீலிக்குப் போய் அலசோணுமாம். பீலியடில முழுக்க வண்டிக்கார ஆம்புளயள். மாட்டுக்குத் தண்ணி காட்டுறாங்க. அவங்கட கண்ணுக்கு முன்னுக்கு அத எப்புடி அலசுற? ஏலாது உம்மா. மௌத்தாப் போனாலும் ஊட்டுல மௌத்தாப் போறம்."

"ஒரு மதில் கட்டி, உள்ளுக்கே ஒரு பைப் வைச்சால் மகளை அனுப்புவியளோ?"

உள்ளே கொஞ்ச நேரம் மெதுவான பேச்சுச் சத்தம். பிறகு மகளின் குரல்தான் வந்தது. "மதில் ஈந்தா வருவன் உம்மா. மொதப் புள்ளக்கே எனக்கு ரத்தம் நிக்கல்ல. எனக்குப் பயமா ஈக்கி."

"கட்டுவிக்கிறன், பிள்ளை," என்றார் அம்மா. "நீர் வாரும்."

நான் பார்க்க அம்மா யாருக்கும் எதற்கும் வாக்குக் கொடுத்தது அந்த ஒரு தடவைதான். அன்று திரும்பும்போது அவர் டயர் பார்க்காமல் பஸ் ஏறினார். மற்ற வீடுகளிலும் வெவ்வேறு வார்த்தையில் அதே பதில்தான். சிங்கள வீடுகளில் கேட்டோம், தோட்டத்து லயத்துப் பெண்களிடம் கேட்டோம். மதம் வேறு, பாஷை வேறு, பீலி ஒன்று.

அந்தப் பதில்களை ஆங்கிலத்தில் அழகாகத் தட்டெழுதிக் கூட்டத்தில் வைத்தேன். துரை முதல் பக்கத்தின் மேல் தேநீர்க் கோப்பையை வைத்தார். கோப்பை எடுத்த இடத்தில் வட்டமாகக் கறை. அம்மா கேட்டது ஒரு மதில், ஒரு பைப். வேறொன்றும் இல்லை.

"இந்த ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் பீலியிலதானம்மா குளிக்கிறாங்க?" என்றார் முதலாளி. "தெனம் பாக்குறோமே. அதுக்கு ஒரு மதிலா?"

"குளிக்கிறது வேறை முதலாளி. இது பெத்த ரத்தம்."

முதலாளியின் முகம் கோணிப்போனது. புரொக்டர் கதிரையைப் பின்னால் தள்ளினார். "அக்கா, உதெல்லாம் சபையில கதைக்கிற கதையே? கொஞ்சம் நாகரிகமாக் கதையுங்கோ."

"வேறை எங்க கதைக்கிறது? அந்தப் பொம்பிளையளுக்காகத்தானே என்னை இங்க இருத்தி வைச்சிருக்கிறியள்?"

விஷயம் அடுத்த பார்வையிடலுக்குப் பிறகு தீர்மானிக்கப்படும் என்று ஒத்திவைத்தார்கள். நான் எழுதினேன்: 'பெண் உறுப்பினரும் சமூகமளித்திருந்தார்.'

அந்தப் பார்வையிடல் நாள் நல்ல வெயில். மாசி மாத வெயில், மலையெல்லாம் வெளுத்துக் கிடந்தது. காலை பத்து மணி. சபையார் பச்சைத் திரைக்கு வெளியே வழக்கம்போல நின்றார்கள். அம்மா உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு வாளி. வாளி நிறையத் துணி. முதல் நாள் பிள்ளை பெற்ற ஒருத்தியின் துணி. மேலே மூடவில்லை. நேர்ஸ் பின்னாலேயே ஓடிவந்து, "நோனா, தாங்க, நான் பாத்துக்கிறன்" என்று கெஞ்சினாள்.

"நீர் பாக்கிறதெண்டால் இவ்வளவு நாளும் பாத்திருப்பீர்," என்றார் அம்மா அவளிடம். பிறகு சபையாரிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "கனவான்களே, தயவுசெய்து அங்கேயே நில்லுங்கள். இன்று நீங்கள் உள்ளே வர வேண்டாம். வெளியே பார்த்தால் போதும்."

விறாந்தையிலிருந்து இறங்கினார். முற்றத்தில் மருந்துக்கு வந்த ஆண்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். அவர்களுக்கு நடுவால் நடந்தார். அதற்கப்பால் வண்டிகள். ஏழெட்டு மாட்டு வண்டிக்காரர்கள் பீலியடியில் பீடி குடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் ஏதோ சொன்னான், மற்றவர்கள் சிரித்தார்கள். அம்மா வாளியைப் பீலிக்குக் கீழே வைத்தார். முந்தானையை இடுப்பில் செருகினார். குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு துணியாக எடுத்து விரித்து, கல்லில் போட்டு, கையால் கசக்கினார். சிவந்த தண்ணீர் வாய்க்காலில் வழிந்து, மாடு குடிக்கும் தொட்டி ஓரமாக ஓடியது. வண்டிக்காரர்களின் சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. ஒரு கிழவன் மட்டும் தன் மாட்டைப் பிடித்துக்கொண்டு அப்பால் போனான்.

நல்ல குடும்பத்து விதவை. தன் வீட்டுத் துணியையே தான் துவைத்திராத குடும்பம். விறாந்தையில் புரொக்டர் "கடவுளே, கடவுளே" என்றார். பிறகு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். முதலாளி திரும்பினார். தலையாட்டிகள் இருவரும் திரும்பினார்கள். துரை தொப்பியைக் கையில் எடுத்து, மதிலில்லாத அந்த முற்றத்துக்கு முதுகைக் கொடுத்து, சுவரில் மாட்டியிருந்த ஆஸ்பத்திரி விதிகளை வாசிக்கத் தொடங்கினார். ஐந்து முதுகு. நான் மட்டும் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றேன். ஏன் திரும்பவில்லை என்று தெரியாது. அவர் முகத்தில் கோபமோ அழுகையோ இல்லை. மருந்து கலக்கும்போது எப்படி இருந்திருப்பாரோ அப்படி இருந்தார். நாலாவது துணியை அலசும்போது ஒரு தரம் தலையைத் தூக்கி விறாந்தையைப் பார்த்தார்.

பிழிந்த துணியோடு திரும்பி வந்தார். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது.

"எல்லாரும் அங்கால திரும்பி நிண்டியள்," என்றார் தமிழில். குரல் உயரவே இல்லை. "உங்களுக்கு அருவருப்பு, மரியாதை, எல்லாம் இருக்கு. திரும்பிப்போட்டியள். அந்த வண்டிக்காரர் திரும்பாயினம். அவைக்கு முன்னால நேற்றுப் பெத்தவள் எப்பிடிக் குந்துவாள்? கட்டில் ஏன் காலி எண்டு இப்பவாவது விளங்குதோ?"

யாரும் புத்தகத்தில் கையெழுத்திடவில்லை. துரை காரில் ஏறும்போது என்னை அழைத்துச் சொன்னார்: "எழுதிக்கொள். மழை காரணமாகப் பார்வையிடல் இடையில் நிறுத்தப்பட்டது."

நான் வானத்தைப் பார்த்தேன். "யெஸ் சேர்" என்றேன். கண்டிக்கு வந்து அழகான கையெழுத்தில் அதை எழுதினேன்.

அடுத்த கூட்டத்தில் முந்தைய குறிப்பை வாசித்துச் சரிபார்க்க வேண்டும். மற்றவர்கள் வாசிக்காமல் சரியென்பார்கள். அம்மா புத்தகத்தை வாங்கிக் கண்ணாடியை இறக்கி வாசித்தார். வாசித்துவிட்டுப் புத்தகத்தை மேசையில் வைத்து, அந்த வரியில் விரலை வைத்தார்.

"மழை பெய்யவில்லை," என்றார் ஆங்கிலத்தில். "இதைத் திருத்த வேண்டும். நடந்ததை எழுத வேண்டும்."

துரை சிரித்தார். சபையில் கருத்து வேறுபாடு வந்தால் வாக்கெடுப்பு என்று ஒரு முறை இருக்கிறது அல்லவா என்றார். மழை பெய்தது என்று கருதுபவர்கள் கை தூக்கலாம் என்றார். இது கட்டுக்கதை இல்லை. என் கண்ணால் கண்டது. படித்த, கோட்டுப் போட்ட ஐந்து மனிதர்கள், போன மாதம் ஒரு நாள் காலையில் மழை பெய்தது என்று கை தூக்கினார்கள். புரொக்டர் பாதிக் கைதான் தூக்கினார். ஆனாலும் தூக்கினார்.

அம்மா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீரும் அங்க நிண்டனீர். மழை பெய்ததோ?"

கிளாக்கருக்குச் சபையில் வாய் கிடையாது. துரை கையை அசைத்து, "சொல்லட்டும், சொல்லட்டும்" என்றார். அவர் முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு கோப்புக் கிடந்தது. அதில் என் நிரந்தரக் கடிதம் இருந்தது எனக்குத் தெரியும். அது அங்கே கிடந்தது தற்செயலாகவும் இருக்கலாம். அப்படி நினைத்துத்தான் இவ்வளவு காலமும் துரையை அல்ல, என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

"லேசா தூறுச்சுங்கம்மா," என்றேன்.

அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். போத்தலின் மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, இது அது இல்லை என்று திரும்ப வைப்பவரின் பார்வை. "ஓம்," என்றார். "எழுதும்."

அதே கூட்டத்தில் வார்ட்டை மூடுவதாக 'ஏகமனதாக' முடிவாயிற்று. ஏகமனது என்ற சொல்லை நான் முதல் நாளே எழுதி வைத்திருந்தேன். அம்மா, "நான் சம்மதிக்கேல்லை எண்டு எழுதும்" என்றார். நான் துரையைப் பார்த்தேன். துரை ஜன்னலைப் பார்த்தார். நான் எழுதவில்லை. இரண்டு வாரத்தில் பச்சைத் திரையைக் கழற்றினார்கள், கனவான்களுக்காக வெள்ளையடித்தார்கள். கனவான்களின் அறைக்குள்ளேயே தண்ணீர் வர ஒரு பைப் வைத்தார்கள். ஆமாம், பைப் வைத்தார்கள்! அதற்குப் பணமும் இருந்தது, கொத்தனாரும் இருந்தான், வழியும் இருந்தது. எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. வீட்டில் பாயசம் வைத்தார்கள். நான் இரண்டு தரம் வாங்கிக் குடித்தேன்.

அம்மாவின் பதவிக்காலம் ஆனியில் முடிந்தது. பெண் உறுப்பினரை மறுபடி நியமிக்கிறீர்களா, வேறொருவரையா என்று மேலிடத்திலிருந்து கேட்டிருந்தார்கள். துரை பதில் சொல்ல நான் தட்டெழுதினேன். 'இச்சபையில் பணியாற்ற விருப்பமுள்ள தகுந்த பெண்மணி எவரும் இப்பகுதியில் கிடைக்கவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்.' கடிதத்தில் துரை கையெழுத்திட்டார். அதை எடுத்துக்கொண்டு நான் வெளியே வந்தபோது அலுவலக விறாந்தை வாங்கில் அம்மா உட்கார்ந்திருந்தார். காலை எட்டு மணியிலிருந்தே இருக்கிறார் என்றான் பியோன். துரை இல்லையென்று சொல்லச் சொல்லியிருந்தார்.

"தொரை இல்லீங்கம்மா," என்றேன்.

"எனக்கு அவரைக் காணத் தேவையில்லை. உம்மைத்தான் காண வந்தனான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அலவத்துகொடைப் பிள்ளை முந்தநாள் முடிஞ்சுது. ரத்தம் நிக்கேல்லை. ஆஸ்பத்திரியில வார்ட்டு இல்லை எண்டு கண்டிக்கு வண்டிலில ஏத்திக்கொண்டு போயிருக்கினம். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு அங்காலயே முடிஞ்சுதாம். பிள்ளையும் இல்லை. நேற்றுப் போய்ப் பாத்திட்டு வந்தனான். அந்தத் தாய் என்னை ஒண்டும் கேக்கேல்லை. தேத்தண்ணி தந்தவ."

துடைத்த கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"இதைச் சபைப் புத்தகத்தில எழுதவேணும். அந்தப் பிள்ளை வருவன் எண்டு சொன்னது, நாங்கள் மூடினது, அது செத்தது. மூண்டு வரி. எழுதுவீரோ?"

"சபையில இருக்கவங்க சொன்னாத்தாங்கம்மா எழுதலாம்," என்றேன். "நீங்க இப்ப சபையில இல்லீங்களே."

இதைச் சொல்லும்போது அந்தக் கடிதம் என் கையில்தான் இருந்தது. எழுத்துப் பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்துப் பிடித்துக்கொண்டேன். அம்மா என் கையைப் பார்த்தார். அவர் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று எனக்குப் பயம். எழுந்து நின்றார்.

"அவை அஞ்சு பேர் மழை எண்டு கை தூக்கினதில எனக்குப் பெரிய கோவமில்லை தம்பி," என்றார். "அவை முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டவை. வெயிலோ மழையோ அவைக்கு என்ன தெரியும்? நான் நிமிந்து பாக்கேக்கை நீர் ஒருத்தர்தான் திரும்பாமல் நிண்டனீர். நீர் பாத்தனீர்."

அம்மா படியிறங்கி, வெயிலில், குண்டசாலை பஸ் நிற்கும் பக்கமாக நடந்தார். நான் உள்ளே போய் அந்தக் கடிதத்தை உறையிலிட்டு, ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டி, மூன்று மணித் தபாலில் சேர்த்தேன்.